நேப்பிள்ஸ் நகரத்துத் தக்காளிக் கறி

ஒரு நாட்டின் பழைமையை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளைத் தேடுவர், செப்பேடுகளைப் படிப்பர், இடிந்த கோட்டைகளின் அடித்தளத்தைத் தோண்டுவர். அந்நாட்டு மக்களின் அடுக்களைக்குட் சென்று பார்ப்போர் மிகச் சிலரே. கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும். காலையிற் சமைத்த கறியோ மாலைக்குள் மறைந்துவிடும். எனினும், அரசர் எழுதாது விட்ட பல செய்திகளை அடுப்பங்கரை நமக்குச் சொல்லும். இன்று நாம் இத்தாலி தேசத்தின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ் நகரின் அடுப்பங்கரையொன்றில் நின்று, அங்கே கொதிக்கும் ஒரு கறியின் வரலாற்றைக் கேட்போம்.

அக்கறியின் பெயர் 'கார்னே அல்லா பிட்சாயோலா' என்பதாகும். 'பிட்சா செய்பவரின் முறையிற் சமைத்த இறைச்சி' என்பது அதன் பொருள். மெல்லியதாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டுகள், தக்காளிப்பழம், உள்ளி, ஒலிவ எண்ணெய், 'ஒறிகானோ' என்னும் நறுமண இலை, சிறிதளவு உப்பு ஆகியவையே அதற்கு வேண்டிய பொருள்கள். சில வீடுகளில் ஒலிவக் காயும், உப்பிலிட்ட கேப்பர் மொட்டுகளும் சேர்ப்பதுண்டு. உலகின் எந்தப் பெருநகரத்து இத்தாலிய உணவுச்சாலைக்குச் சென்றாலும், இதனையோ இதன் உறவினமான ஒரு கறியையோ காணலாம்.

மாட்டிறைச்சியைக் கையாலும் தொடாதார் நம் நேயருட் பலர் என்பதை நான் அறிவேன். அவர்களும் இப்பேச்சைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். ஏனெனில், இங்கு ஆராயப்படும் பொருள் ஒரு கறியின் சுவை மட்டுமன்று. 'இது எங்கள் முன்னோர் உணவு, தொன்றுதொட்டு வந்தது' என்று ஒரு மக்கட்கூட்டம் பெருமையுடன் சொல்லும் பொருள் உண்மையில் எங்கிருந்து வந்தது, அதனைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டோர் யார் என்பதே நம் கேள்வி.

முதலில் தக்காளியை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய உணவென்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் நிறம் சிவப்பே. ஆயினும் உரோமப் பேரரசர் எவரும் தக்காளிப்பழத்தைக் கண்டதில்லை. யூலியசு சீசர் அதனைச் சுவைத்ததில்லை. மகாகவி தாந்தே அதன் பெயரையும் அறியார். தக்காளியின் காட்டுமூதாதைகள் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில், இன்றைய பெரு, ஈக்குவடோர் நாடுகளின் மலைச்சாரல்களில் முளைத்தவை. அதனைத் தோட்டப்பயிராக வளர்த்துப் பெரிய பழமாக்கியோர் மெக்சிக்கோப் பகுதியின் மக்கள். அவர்களுட் சிறந்து விளங்கிய அஸ்ரெக்கு மக்கள் தம் மொழியில் உருண்டையான சதைப்பழங்களைத் 'தொமாத்தில்' என்றனர். சிவந்த பெருந்தக்காளியைச் 'சித்தொமாத்தில்' என்றனர். இன்று பல ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அச்சொல்லின் வழிவந்ததே.

1521 ஆம் ஆண்டில் அஸ்ரெக்குத் தலைநகர் ஸ்பானியத் தளபதி கோர்த்தேசின் கையில் வீழ்ந்தது. பொன்னையும் வெள்ளியையும் நாடிச் சென்ற ஸ்பானியர், சோளத்தையும் மிளகாயையும் தக்காளியையும் தம் கப்பல்களில் ஏற்றி வந்தனர். பொன்னும் வெள்ளியும் போர்களிற் கரைந்தன. விதைகளோ நிலைத்தன.

இத்தாலியில் தக்காளியைப் பற்றி முதன்முதல் எழுதியவர் சியேனா நகரில் பிறந்த மருத்துவர் மத்தியோலி. கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீசின் மூலிகை நூலுக்கு 1544 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உரையில், கத்தரியின் புதிய இனமொன்று இத்தாலிக்கு வந்திருப்பதாகவும், அது பழுத்தபோது பொன்னிறம் கொள்ளுவதாகவும், கத்தரிக்காயைப் போலவே எண்ணெய், உப்பு, மிளகுடன் அதனை உண்பதாகவும் கூறினார். 1554 ஆம் ஆண்டின் பதிப்பில் 'பொன்னாப்பிள்' என்று பொருள்படும் பெயரால் அதனைச் சுட்டினார். இன்றும் இத்தாலியர் தக்காளியைப் 'பொமொதோரோ' என்றே அழைக்கின்றனர். 'பொன்னின் பழம்' என்பதே அச்சொல்லின் பொருள்.

இவ்விடத்தில் நம் மொழியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். தக்காளி என்ற சொல் நமக்குப் புதியதன்று. மணத்தக்காளி முதலிய செடிகளை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கடல்கடந்து வந்த பெரிய பழத்தைக் கண்டபோது அதனையும் அக்குடும்பத்திற் சேர்த்துச் 'சீமைத்தக்காளி' என்றனர். காலப்போக்கிற் சீமை உதிர்ந்தது, தக்காளி எஞ்சிற்று. இத்தாலியர் பொன்னின் பெயரைச் சூட்டி வரவேற்றனர்; நாம் உறவின் பெயரைச் சூட்டி வரவேற்றோம். இரு மக்களுமே பெயரிட்டதன் மூலம் அயலானை வீட்டுக்குள் அழைத்தனர்.

ஆனால் வாசலுக்கு வந்தவன் உடனே பந்தியில் அமர்ந்துவிடவில்லை. 1548 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள், புளோரன்சு நகரத்து ஆட்சியாளரான கோசிமோ மெடிச்சிக் கோமகனின் வீட்டுக் காரியக்காரர் ஒரு கடிதம் எழுதினார். கோமகனின் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒரு கூடை தக்காளிப்பழம் பழுதின்றி வந்துசேர்ந்தது என்பதே அதன் செய்தி. அப்பழங்களை அவர்கள் என்ன செய்தனர் என்பது அக்கடிதத்தில் இல்லை. அக்காலத்துச் செல்வர் பலர் தக்காளியைத் தோட்டத்து அலங்காரமாகவே வைத்திருந்தனர். கண்ணுக்கு இனியது, வாய்க்கு அன்று என்பதே கற்றோர் பலரின் கருத்தாயிருந்தது.

இவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. அக்கால ஐரோப்பிய மருத்துவர் உணவுப்பொருள்களை வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என நால்வகைக் குணங்களால் அளந்தனர். நம் நாட்டு வைத்தியரும் சூடு, குளிர்ச்சி பார்ப்பர் அல்லவா? அதனை ஒத்த முறையே அது. அம்முறைப்படி தக்காளி மிகுந்த குளிர்ச்சியும் ஈரமும் உடையது, செரிமானத்தைக் கெடுப்பது. அன்றியும், அதன் இலையும் பூவும் நஞ்சுச் செடிகள் சிலவற்றின் இலையையும் பூவையும் ஒத்திருந்தன. கத்தரியோடு உறவு கூறியதும் அதற்கு நன்மை செய்யவில்லை. கத்தரிக்காயே பைத்தியம் தருவது என்று அஞ்சப்பட்ட காலம் அது.

இவ்வாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. அதன்பின் ஒரு நூல் வெளிவந்தது. அதனை எழுதியவர் அந்தோனியோ லத்தீனி என்பவர். 1642 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். பிறர் வீடுகளில் ஏவல் செய்து, எழுத்தும் சமையலும் கற்று, படிப்படியாக உயர்ந்து, நேப்பிள்சில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஒரு ஸ்பானியப் பிரபுவின் மாளிகையில் விருந்துகளுக்குப் பொறுப்பான தலைமைக் காரியக்காரரானார். அவருடைய சமையல் நூல் 1692, 1694 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக நேப்பிள்சில் அச்சாயிற்று.

அந்நூலிலேதான் இத்தாலியில் அச்சேறிய முதலாவது தக்காளிக் குழம்பின் செய்முறை காணப்படுகின்றது. பழுத்த தக்காளிகளைத் தணலிற் சுட்டுத் தோலை உரிக்க வேண்டும். கத்தியால் நுணுக்கி அரிய வேண்டும். அரிந்த வெங்காயம், மிளகாய், நறுமண இலை ஆகியவற்றைக் கலந்து, உப்பும் எண்ணெயும் காடியும் சேர்க்க வேண்டும். நம்மவர் இதனைக் கேட்டால், 'இது ஒரு சம்பல் அல்லவா!' என்பர். லத்தீனி இதற்கு இட்ட பெயர் 'ஸ்பானிய முறைத் தக்காளிக் குழம்பு' என்பதாகும். ஆம், நேயர்களே! இத்தாலியின் முதற் தக்காளிக் குழம்பு இத்தாலியப் பெயரோடு பிறக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இருநூறு ஆண்டுகள் நேப்பிள்ஸ் ஸ்பானிய அரசின் ஆளுகைக்குட் கிடந்தது. ஆண்டவர் கொண்டுவந்த பழத்தை ஆண்டவர் பெயராலேயே அடுப்பில் வைத்தனர்.

இங்கே மற்றொரு செய்தியையும் கருத்தில் இருத்துதல் வேண்டும். தக்காளிக் குழம்பு என்றதும் இன்று யாவரும் நினைப்பது மாவினாற் செய்த பாஸ்தாவை. ஆனால் லத்தீனியின் குழம்பு அவித்த இறைச்சி முதலியவற்றுக்குத் தொட்டுக்கொள்ளவே வைக்கப்பட்டது. அதே நூலிற் புறா, கன்றின் மார்பிறைச்சி முதலியவற்றோடு தக்காளி சேர்த்துச் சமைக்கும் ஒரு கறியும் உண்டு. பாஸ்தாவுக்குத் தக்காளிக் குழம்பை ஊற்றும் முறை, 1790 ஆம் ஆண்டளவில் வெளிவந்த பிரான்செஸ்கோ லெயொனார்தியின் நூலிலேதான் தெளிவாக இடம்பெறுகின்றது. ஆகவே, அச்சிட்ட நூல்களைக் கொண்டு பார்த்தால், இத்தாலியில் தக்காளிக் குழம்பின் முதற்றுணை இறைச்சியே. பாஸ்தா பின்வந்த துணை.

அவ்விடைப்பட்ட நூறு ஆண்டுகளில் தக்காளி மெல்லமெல்ல மேலேறிற்று. 1773 ஆம் ஆண்டில் நேப்பிள்சில் வெளியான வின்சென்சோ கொராதோவின் நூலில், உள்ளே பூரணம் வைத்த தக்காளி முதலாகப் பலவகைத் தக்காளி உணவுகள் இடம்பெற்றன. 1839 ஆம் ஆண்டில் கவால்கந்தி என்ற பிரபு தம் சமையல் நூலின் புதிய பதிப்பிலே, நேப்பிள்ஸ் மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதிய ஒரு பகுதியைச் சேர்த்தார். அதில் வேர்மிச்செல்லியுடன் தக்காளி சேர்க்கும் முறை வருகின்றது. பிரபுவின் ஏடு மக்களின் பேச்சுமொழிக்கு இறங்கி வந்தபோது, மக்களின் தக்காளியும் ஏட்டில் ஏறிற்று.

இனி இறைச்சிக்கு வருவோம். அயலிலிருந்து வந்த பழத்தின் கதை இதுவாயின், இறைச்சித் துண்டின் கதையும் அதற்குக் குறைந்ததன்று. இத்தாலிய மொழியில் மாட்டிறைச்சித் துண்டுக்கு வழங்கும் 'பிஸ்தேக்கா' என்ற சொல் ஆங்கிலத்தின் 'பீஃப்ஸ்டேக்' என்பதன் திரிபு. 1891 ஆம் ஆண்டிற் புளோரன்சில் வெளிவந்து இத்தாலிய வீடுகளில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற சமையல் நூலை இயற்றிய பெல்லெக்ரீனோ அர்த்தூசி, இவ்வுண்மையை வெளிப்படையாகவே குறித்துள்ளார். புளோரன்சு நகரத்தார் பெருமையுடன் போற்றும் தடித்த இறைச்சித் துண்டின் பெயரே இவ்வாறு அயல்மொழி சார்ந்ததாயின், வேறு சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் புளோரன்சின் இறைச்சியும் நேப்பிள்சின் இறைச்சியும் ஒன்றல்ல. புளோரன்சு அமைந்துள்ள தொஸ்கானா மாகாணத்தில் 'கியானீனா' என்னும் வெண்ணிறப் பெருமாட்டினம் உண்டு. அதன் இளமாட்டின் இடுப்பிறைச்சியை இரண்டு மூன்று விரற்கடைத் தடிப்பில் வெட்டி, தணல்மேல் இருபுறமும் சுட்டு, உட்பகுதி சிவப்பாக இருக்கும்போதே உண்பர். உயர்ந்த இறைச்சிக்குக் குழம்பு வேண்டியதில்லை. உப்பும் நெருப்பும் போதும். அது செல்வர் வீட்டு உணவு. திருநாட்களில் உண்ணும் உணவு.

தென்னித்தாலியிலோ நிலைமை வேறு. அங்கே மலைகளும் வறண்ட மேடுகளும் மிகுதி. மாடு மேயும் பசும்புற்றரை குறைவு. ஏருக்கும் வண்டிக்கும் பூட்டிய மாடே பெரும்பாலும் அங்கிருந்த மாடு. உழைத்துக் களைத்து முதுமையெய்திய பின்னரே அது கசாப்புக்காரனிடம் சென்றது. அதன் இறைச்சி நார்நாராய், சவ்வு மிகுந்து, சுட்டாற் றோல்போல் இறுகிவிடும். அத்தகைய இறைச்சிதானும் ஏழைக்கு எட்டவில்லை. இத்தாலி ஒரே நாடாக இணைந்தது 1861 ஆம் ஆண்டில். அதன்பின், 1877 இல் தொடங்கி, ஸ்தேபானோ யாச்சினி என்பவர் தலைமையில் உழவர் நிலையை ஆராயப் பாராளுமன்ற விசாரணைக் குழுவொன்று அமைந்தது. இறைச்சி என்பது உழவர்க்குத் திருநாளிலும் நோய்ப்படுக்கையிலும் மட்டுமே கிடைத்த அரும்பொருள் என்பதை அக்காலத்து அறிக்கைகள் எடுத்துக்காட்டின.

நேப்பிள்ஸ் நகரமோ மக்கள் நெருங்கி வாழ்ந்த பெருநகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன், பாரிசு ஆகியவற்றுக்கு அடுத்த பெரிய நகரங்களுள் ஒன்றாக அது விளங்கிற்று. அந்நகரத்தாரை முற்காலத்தில் 'இலை தின்னிகள்' என்று அயலார் எள்ளி நகைத்தனர். கீரையும் கோவாவுமே அவர்களின் முக்கிய உணவு. பின்னர் பாஸ்தா மலிந்தபோது 'மக்கரோனி தின்னிகள்' என்ற பெயர் வந்தது. 'இறைச்சி தின்னிகள்' என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு ஒருபோதும் வந்ததில்லை.

அந்நகரத்து ஏழைகளின் மற்றோர் உணவு பிட்சா. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா நேப்பிள்ஸ் பயணத்தைப் பற்றி எழுதி 1843 இல் வெளியிட்ட நூலில், தெருவோர ஏழைகள் குளிர்காலத்திற் பிட்சாவையும் கோடையில் வத்தகப்பழத்தையும் உண்டு வாழ்வதாகக் கூறினார். பிட்சாவின் மேல் இடும் பொருள்களுள் எண்ணெய், பாற்கட்டி, சிறுமீன் ஆகியவற்றோடு தக்காளியையும் அவர் குறித்தார். எண்ணெய், உள்ளி, ஒறிகானோ ஆகிய மூன்றும் பிட்சாக்களுள் மிக மலிவானதற்குரியவை. அவற்றோடு தக்காளி சேர்ந்ததே இன்று 'மரினாரா' என வழங்கும் பிட்சா. இதே நான்கு பொருள்களையும் இறைச்சியோடு தாச்சியில் இட்டபோது பிறந்ததே நம் கறி. பிட்சா செய்பவரின் பெயரை அது தாங்கி நிற்பதன் காரணம் இதுவே.

இக்கறியைப் படைத்தவர் யார் என்று எந்த நூலும் கூறவில்லை. அரண்மனைச் சமையற்காரர் எவருடைய பெயரும் இதனோடு சேரவில்லை. இதன் இயல்பைக் கூர்ந்து நோக்கினால், சிறிதளவு இறைச்சியை வைத்துக்கொண்டு பலருக்குப் பரிமாற வேண்டியிருந்த பெண்களின் அறிவே இதில் தெரிகின்றது. அதனைச் சற்று விளக்குவேன்.

அரைக் கிலோ இறைச்சியை மெல்லிய தகடுகளாக வெட்டி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டுவர். தட்டியதும் நார்கள் உடைந்து துண்டு அகலும். சிறிய துண்டு பெரிதாகக் காட்சி தரும். தாச்சியில் ஒலிவ எண்ணெயைச் சூடாக்கி, நசுக்கிய உள்ளி இரண்டைப் பொன்னிறமாக்குவர். இறைச்சி இளையதாயின், அதனை இருபுறமும் ஒரு நிமிடம் மட்டும் வாட்டி வெளியே எடுத்து வைப்பர். அதே எண்ணெயில் தோலுரித்த தக்காளியை, ஏறத்தாழ நானூறு கிராம், இட்டு நசித்து உப்பும் ஒறிகானோவும் தூவிப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுவர். குழம்பு தடித்ததும் இறைச்சியை மீண்டும் இட்டு, ஓரிரு நிமிடத்தில் இறக்குவர். இறைச்சி முதிர்ந்ததாயின் முறை வேறு. அதனைக் குழம்பினுள்ளேயே மூடி வைத்து, சிறுதீயில் ஒரு மணிக்கு மேலாக வேகவிடுவர். இளைய இறைச்சியை நெடுநேரம் வேகவைப்பதும், முதிர்ந்த இறைச்சியைச் சிறிது நேரத்தில் இறக்குவதும் பெரும் பிழைகள். இரண்டிலும் இறைச்சி கடினமாகவே எஞ்சும்.

இதன் காரணத்தை இன்றைய விஞ்ஞானம் எடுத்துரைக்கின்றது. உழைத்த மாட்டின் தசையிற் 'கொலாஜன்' என்னும் இணைப்புப் புரதம் மிகுதி. ஈரமான வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கும்போது அது கரைந்து வழுவழுப்பான பசையாகும். தக்காளியின் புளிப்பும் அதற்குச் சிறிது துணைசெய்யும். அப்பசை குழம்பிற் கலந்து அதனைத் தடிப்பாக்கும். சுவைக்கும் ஒரு காரணம் உண்டு. 1908 ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானி இக்கெதா கடற்பாசியொன்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, அதுவே நாவுக்கு நிறைவான சுவையைத் தருவதெனக் கண்டார். 1913 ஆம் ஆண்டில் அவர் மாணவர் கொதாமா, நம் மாசிக்கருவாட்டை ஒத்த ஒரு மீன்கருவாட்டில் இனோசினேட் என்ற மற்றொரு பொருளைக் கண்டார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகும் என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. பழுத்த தக்காளியிற் குளுட்டமேட் மிகுதி. மாட்டிறைச்சியில் இனோசினேட் உண்டு. நேப்பிள்ஸ் நகரத்துப் பெண்கள் இப்பெயர்களை அறியார். ஆயினும் இவ்விரண்டையும் ஒரே தாச்சியில் இட வேண்டும் என்பதை அவர்களின் நாக்கு அறிந்திருந்தது.

அவர்களின் சிக்கனத்திற்கு மேலும் ஒரு சான்று உண்டு. கறி ஆனபின் குழம்பின் பெரும்பகுதியை முதலிற் பாஸ்தாவின்மேல் ஊற்றிப் பரிமாறுவர். அது முதற் பந்தி. அதனை உண்டு பசி தணிந்தபின், எஞ்சிய குழம்போடு இறைச்சி வரும். அது இரண்டாம் பந்தி. ஒரு தாச்சி, ஒரு தீ, சிறிதளவு இறைச்சி; ஆயினும் இரண்டு உணவுகள். தட்டில் ஒட்டிய மிச்சக் குழம்பைப் பாண்துண்டினால் வழித்துண்பதும் வழக்கம். இறைச்சி கிட்டாத நாளிலும் அதன் வாசனையாவது பாஸ்தாவில் இருக்க வேண்டும் என்ற ஏக்கமே இம்முறையைத் தோற்றுவித்தது எனலாம்.

தக்காளியோ கோடைக்காலத்துப் பழம். குளிர்காலத்தில் அதனை எங்ஙனம் பெறுவது? முன்னாளில் தக்காளிச் சாற்றை மரப்பலகைகளிற் பரப்பி வெயிலில் உலர்த்தி, கருஞ்சிவப்பான களியாக்கிச் சேமித்தனர். பிரெஞ்சுக்காரரான நிக்கொலா அப்பேர், உணவை அடைத்து வெந்நீரிற் கொதிக்கவைத்துப் பாதுகாக்கும் முறையை 1810 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பின்னர் தகரப்பேணிகள் வந்தன. 1836 ஆம் ஆண்டிற் பிறந்த பிரான்செஸ்கோ சீரியோ 1856 இல் தூரின் நகரிற் பட்டாணிக் கடலையைப் பேணிகளில் அடைக்கத் தொடங்கினார். அவர் தொடக்கிய தொழில் பின்னர் தென்னித்தாலியின் தக்காளிக்கும் விரிந்தது. வெசூவியசு எரிமலைக்கு அண்மையிலுள்ள சார்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் நீண்ட 'சான் மர்சானோ' தக்காளி பேணிக்கு மிகப் பொருத்தமாயிற்று. சதை தடித்தது, விதை குறைந்தது, தோல் எளிதில் உரிவது என்பன அதன் சிறப்புகள். 1996 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

பேணி வந்த காலமும் மக்கள் நாட்டைவிட்டுப் பெயர்ந்த காலமும் ஒன்றாயமைந்தன. 1880 க்கும் 1920 க்கும் இடையில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்களுட் பெரும்பாலோர் வறுமையால் வாடிய தென்னித்தாலியர். அவர்களின் பின்னே ஒலிவ எண்ணெயும், பாற்கட்டியும், தக்காளிப் பேணிகளும் கப்பலேறின. தக்காளி பிறந்த கண்டம் அமெரிக்கா. அக்கண்டத்துக்கு அது இத்தாலியப் பெயரோடு மீண்டும் சென்று இறங்கிற்று. வரலாறு இவ்வாறும் சில வேளை வட்டமிடும்.

அமெரிக்காவில் அவர்களை வியப்பில் ஆழ்த்தியது இறைச்சியின் மலிவு. தொழிற்சாலையிலும் பாதை வெட்டுவதிலும் கடுமையாக உழைத்துப் பெற்ற கூலியில், ஊரிலே திருநாளில் மட்டும் கண்ட இறைச்சியை இங்கே அடிக்கடி வாங்க முடிந்தது. ஆகவே, பழைய கறி உருமாறிற்று. நேப்பிள்சில் மெல்லிய தகடாயிருந்த துண்டு நியூயோர்க்கில் தட்டை நிறைக்கும் தடித்த 'ஸ்டேக்' ஆயிற்று. அங்கே குழம்புக்குச் சுவையூட்ட இறைச்சி இட்டனர். இங்கே இறைச்சிக்கு மேற்பூச்சாகக் குழம்பை ஊற்றினர். பெயர் மட்டும் மாறாது நின்றது. அவ்வுணவை உண்ட பேரப்பிள்ளைகள், 'எங்கள் பாட்டி ஊரில் இப்படித்தான் உண்டாள்' என்று நம்பினர். பாட்டியோ அத்துணைப் பெரிய துண்டை ஊரிற் கண்டிருக்கவே மாட்டாள். அவள் பிள்ளைகளுக்கு அதனை ஊட்டியது, தான் பசித்திருந்த நாட்களை அவர்கள் அறியாதிருக்கட்டும் என்பதற்காகவே போலும்.

காலம் மாறிற்று. ஏழையின் உணவு உலகப்புகழ் பெற்றது. 2017 ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் பிட்சா செய்வோரின் கைத்திறனை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் பதிவு செய்தது. தெருவோர ஏழைக்குப் பிட்சா விற்றவனின் தொழில் இத்துணை உயர்ந்ததைக் கண்டு மகிழாதார் யார்?

ஆனால் வரலாற்றைக் கேட்போர் தட்டில் இருப்பதைப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. வயலையும் பார்த்தல் வேண்டும். தென்னித்தாலியின் பூலியா மாகாணத்தில், பொஜ்ஜா நகரைச் சூழ்ந்த சமவெளியில், பேணிகளுக்குச் செல்லும் தக்காளி பெருமளவில் விளைகின்றது. அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டபோதும், கையாற் பறிக்கும் வேலை முற்றாக மறையவில்லை. அவ்வேலையைச் செய்வோருட் பலர் ஆபிரிக்க நாடுகளிலிருந்து கடல்கடந்து வந்த இளைஞர். அவர்களை வயலுக்குச் சேர்த்து, வண்டியில் ஏற்றிச் சென்று, கூலியில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் இடையாளை அங்கே 'கப்பொராலே' என்பர். நம் மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நேயர்க்கு இது புதிய செய்தியன்று. அங்கே கப்பொராலே, இங்கே கங்காணி. இம்முறையை ஒடுக்குவதற்காக இத்தாலியப் பாராளுமன்றம் 2016 ஆம் ஆண்டில் 199 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிற்று. எனினும், 2018 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் 4 ஆம், 6 ஆம் நாட்களில், பொஜ்ஜாவுக்கு அருகில் நிகழ்ந்த இரு வீதி விபத்துகளில், தக்காளி வயல்களிலிருந்து வண்டிகளில் நெருக்கியடித்துத் திரும்பிய தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். முதல் விபத்தில் நால்வர், இரண்டாவதிற் பன்னிருவர். அதன்பின் வெயிலிற் காயும் அவ்வயல்களின் நிலையைக் கண்டித்துத் தொழிலாளர் ஊர்வலமாகச் சென்றனர்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பசியினால் நாடுவிட்டுச் சென்ற இத்தாலியரின் கதையும், இன்று பசியினால் இத்தாலிக்கு வந்துசேர்ந்தோரின் கதையும் அதே சிவந்த பழத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. அன்று கடல் தாண்டியவனின் பேரன் இன்று உணவுச்சாலையில் அமர்ந்து உண்கின்றான். அவன் தட்டுக்குரிய பழத்தை, கடல் தாண்டி வந்த வேறொருவன் பறிக்கின்றான்.

நேயர்களே, நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு இப்போது விடை காணலாம். இக்கறியின் தக்காளி மெக்சிக்கோவிலிருந்து வந்தது. அதன் முதற் குழம்பு ஸ்பானியப் பெயர் பூண்டது. துண்டிறைச்சியின் பெயர் ஆங்கிலம் தந்தது. அப்படியாயின், இத்தாலியர்க்குச் சொந்தமானது யாது? இல்லாமையின் நடுவே கிடைத்ததைக் கொண்டு, வந்த அயலானை மதித்து, ஒரு தாச்சியில் இரண்டு பந்திகளைச் சமைத்த அந்தப் பொறுமையும் கைத்திறனுமே அவர்களுக்குச் சொந்தமானவை. அவை எந்த மன்னனும் கொடுத்தவை அல்ல. எந்தக் கப்பலும் கொண்டுவந்தவையும் அல்ல.

நாளை உங்கள் வீட்டு அடுப்பில் தக்காளி வதங்கும்போது அதன் வாசனை எழும். அது கறிக்காயினும் சொதிக்காயினும் சரி, மிளகாயும் தக்காளியும் நம் வீட்டுக்கும் ஒருநாள் அயலாராகவே வந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் அஞ்சாமல் அவற்றை அம்மியிலும் சட்டியிலும் இட்ட பாட்டி ஒருத்தி நமக்கும் இருந்தாள். அவள் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. நம் நாக்கு மட்டுமே அவளை நினைவில் வைத்திருக்கின்றது.